பச்சைச் சட்டைக்காரர்கள்: ரஜா காசாபிளாங்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013 டிசம்பரில் ஒரு நள்ளிரவு, ரொனால்டினோவைப் பார்க்கலாம் என்றுதான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிந்தபோது மனதில் நின்றது எதிரணி. பச்சைச் சட்டை, பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு மொராக்கோ கிளப். அன்றிலிருந்து அவர்களை விடாமல் பார்க்கிறேன். கால்பந்து பேசும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரஜாவா, ராஜாவா?

ரஜா. முதல் எழுத்து குறில். அரசனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடுமுறை எடுப்பதை 'ரஜா போடுவது' என்பார்களே, அதுவும் வேறு சொல். அரபியில் இந்த ரஜாவுக்கு நம்பிக்கை என்று பொருள். நல்லது நடக்கும் என்று காத்திருப்பவனின் நம்பிக்கை. கிளப்பின் முழுப்பெயர் ரஜா கிளப் அத்லெடிக், ஊர் காசாபிளாங்கா, நிறம் பச்சையும் வெள்ளையும். இதன் ரசிகரை 'ரஜாவி' என்பார்கள். ஒரு ரஜாவி இன்னொரு ரஜாவியைப் பார்த்தால் 'தீமா ரஜா' என்பார். எப்போதும் ரஜா என்று அர்த்தம்.

எப்போது, யார் தொடங்கியது?

1949 மார்ச் 20. இடம் தெர்ப் சுல்தான், காசாபிளாங்காவின் உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. 1912 முதல் மொராக்கோ பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை செய்ய நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் காசாபிளாங்காவில் வந்து குவிந்தார்கள். விடுதலைக்கான எதிர்ப்பும் இதுபோன்ற குடியிருப்புகளில்தான் ஊறிக்கொண்டிருந்தது. தேசியவாதிகளும் தொழிற்சங்கக்காரர்களும் சேர்ந்து, தங்கள் பேட்டைக்கென்று ஒரு கால்பந்து கிளப் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அந்த நாளில் கிளப் என்பது வெறும் விளையாட்டு இல்லை. பத்துப் பேர் கூடிப் பேசுவதையே சந்தேகத்தோடு பார்த்த ஆட்சியில், கூடுவதற்கு ஒரு சட்டப்பூர்வமான காரணம் அது.

முதல் தலைவர் ஏன் ஓர் அல்ஜீரியர்?

பதிவு செய்யப்பட்ட ஒரு கிளப்புக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பிரெஞ்சுக்காரர் ஒருவரைத் தலைமையில் உட்கார வைத்தால் தொடங்கிய நோக்கமே போய்விடும். அதனால் ஹஜ்ஜி பென் அபாஜி என்ற அல்ஜீரியரைக் கண்டுபிடித்தார்கள். அவர் முஸ்லிம், ஆனால் கையில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. விதியையும் மீறவில்லை, கிளப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

விதாத்தோடு என்ன பகை?

விதாத் காசாபிளாங்காவின் இன்னொரு பெரிய கிளப். ரஜாவைவிட 12 வயது மூத்தது, 1937இல் பிறந்தது. துறைமுகத்தின் நீச்சல் குளங்களில் மொராக்கோக்காரர்களை அனுமதிக்க மறுத்ததுதான் அது பிறக்கக் காரணம். நீச்சலில் தொடங்கி, பிறகு கால்பந்துக்கு வந்தார்கள். ஆக, இரண்டுமே அவமதிப்புக்குப் பதிலாகப் பிறந்தவை. 'ஒன்று பணக்காரர் கிளப், இன்னொன்று ஏழைகளின் கிளப்' என்று எளிதாகப் பிரித்துவிடுகிறார்கள். தொடக்க காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இன்று ஒரே வீட்டில் அண்ணன் விதாத்தின் சிவப்பு, தம்பி ரஜாவின் பச்சை.

இரண்டு கிளப்புக்கும் ஒரே அரங்கம், ஒரே நகரம், ஒரே கடற்காற்று. பகை இவ்வளவு சூடாக இருப்பதற்கு அந்த நெருக்கமே போதும்.

பெர் ஜெகோ யார்? எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறார்களே?

இயற்பெயர் முகமது பென் லஹ்சென் அஃபானி. விதாத்தின் கால்பந்து அணியைக் கட்டியெழுப்பியவரே இவர்தான். அங்கே பிணக்கு வந்து வெளியேறியவர், 1950களின் பிற்பகுதியில் ரஜாவுக்கு வந்தார். ஒரு நகரத்தின் இரண்டு பெரிய அணிகளுக்கும் அடித்தளம் போட்டவர் ஒரே மனிதர் என்பது உலகில் வேறு எங்காவது நடந்திருந்தால் ஆச்சரியம்தான்.

விதாத்தில் அவர் கற்றுத்தந்தது கறாரான, பலனைக் குறிவைத்த ஆட்டம். ரஜாவில் வேறு வழி எடுத்தார். தென் அமெரிக்க பாணி: பந்து தரையில் ஓட வேண்டும், சின்னச் சின்ன பாஸ், ஒரு தொடுதலில் அடுத்தவன் காலுக்கு. நீளமாகத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது கிடையாது. அவர் 1970இல் இறந்துவிட்டார். காசாபிளாங்காவில் அவர் பெயரில் ஓர் அரங்கமே இருக்கிறது. அவர் விட்டுப்போன பாணிதான் ரஜாவின் அடையாளம். இன்றும் ரஜா ஒரு கோலுக்கு ஜெயித்து அசிங்கமாக ஆடினால் கேலரியில் முணுமுணுப்பு கேட்கும்.

முதல் கோப்பை எப்போது?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1956இல் நாடு விடுதலை பெற்றது, தேசிய லீக் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே முதல் டிவிஷனில் இருக்கும் ரஜா, ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. ஆனால் முதல் கோப்பை 1974இல்தான் வந்தது. மொராக்கோவின் நாக்-அவுட் போட்டியான அரியணைக் கோப்பை, ஃபெஸ் நகர அணியை 1-0 என்று வென்று. பிறகு 1977, 1982இலும் அதே கோப்பை. லீக் பட்டம்? 1988 வரை காத்திருந்தார்கள். பிறந்து 39 ஆண்டுகள்.

கூட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை. கோப்பை வருவதற்கு வெகு முன்பே ரஜாவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. 'ஜெயித்ததால் ரசிகர் வந்தார்கள்' என்ற வழக்கமான வாய்ப்பாடு இந்த கிளப்புக்குப் பொருந்தாது. தலைமுறை ஒன்று பட்டம் இல்லாமலே வளர்ந்து, தன் பிள்ளைகளையும் அழைத்து வந்தது. ஆட்டம் அழகாக இருந்தது, கிளப் தங்களுடையதாக இருந்தது, அவ்வளவு போதுமாக இருந்தது. ரஜாவைப் புரிந்துகொள்ள நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர் யார்?

அப்துல் மஜீத் தொல்மி. பிறந்தது தெர்ப் சுல்தான் பக்கம், ஆடியது நடுக்களம், பட்டப்பெயர் 'மேஸ்ட்ரோ'. 1976இல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற மொராக்கோ அணியில் இருந்தார். பத்தாண்டு கழித்து, 1986 மெக்சிகோ உலகக் கோப்பையிலும் இருந்தார். இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் இருந்த பிரிவில் மொராக்கோ முதலிடம் பிடித்து, குழுச் சுற்றைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்க அணி ஆனது அப்போதுதான்.

அதிகம் பேசமாட்டார், பேட்டி தருவதும் அரிது. காலில் பந்து வந்தால் ஆட்டத்தின் வேகத்தையே அவர் தீர்மானிப்பார். 2017 ஜூலையில் அவர் இறந்தபோது சிவப்புக் கட்சிக்காரர்களும் அழுதார்கள்.

ஆப்பிரிக்காவில் எத்தனை கோப்பை?

சாம்பியன்களுக்கான பெரிய கோப்பை மூன்று: 1989, 1997, 1999. மூன்று இறுதிப் போட்டிகளும் பெனால்டி ஷூட் அவுட்டில்தான் முடிந்தன. ரஜாவிகளின் இதயம் எதனால் ஆனது என்று இதை வைத்தே யோசித்துப் பாருங்கள்.

1989இல் எதிரணி அல்ஜீரியாவின் மௌலூதியா ஓரான். காசாபிளாங்காவில் 1-0, ஓரானில் 0-1, பெனால்டியில் 4-2. ரஜாவின் பயிற்சியாளர் ரபா சாதான், அவரும் அல்ஜீரியர். முதல் தலைவரைத் தந்த நாடு, நாற்பது ஆண்டு கழித்து முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளரையும் தந்தது. 1997இல் கானாவின் கோல்ட்ஃபீல்ட்ஸ். அங்கே 0-1, இங்கே 1-0, பெனால்டியில் 5-4. பயிற்சியாளர் வஹித் ஹலில்ஹோஜிச். பின்னாளில் பல தேசிய அணிகளை நடத்தியவர்.

1999 எல்லாவற்றையும்விடக் கடினம். துனிசியாவின் எஸ்பெரான்ஸ் அணியோடு காசாபிளாங்காவில் 0-0. சரி, இனி துனிஸில் போய் ஜெயிக்க வேண்டும். எதிரி ஊர், எதிரிக் கூட்டம், 90 நிமிடம் தாக்குப்பிடித்து மறுபடியும் 0-0. அப்புறம் பெனால்டி, 4-3. கோல்கீப்பர் முஸ்தஃபா ஷாத்லி அன்றிரவு தூங்கியிருக்கமாட்டார்.

இவை தவிர, ஆப்பிரிக்க கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான கான்ஃபெடரேஷன் கோப்பையை 2018இலும் 2021இலும் வென்றார்கள். 2021இல் பெனின் நாட்டில் நடந்த இறுதியில் அல்ஜீரியாவின் கபீலி அணியை 2-1 என்று வீழ்த்தினார்கள்.

தொடர்ந்து ஆறு லீக் பட்டமா?

ஆமாம், 1996 முதல் 2001 வரை வரிசையாக ஆறு. 1995இல் ஒலிம்பிக் காசாபிளாங்கா என்ற பலமான கிளப் ரஜாவோடு இணைந்தது. நல்ல ஆட்டக்காரர்களும் நிர்வாக அனுபவமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. விதாத் ரசிகர்கள் இந்த இணைப்பை இன்றும் குத்திக்காட்டுவார்கள். ஆறு ஆண்டு தொடர்ந்து முதலிடத்தில் நிற்க இணைப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து.

ஏன் 'அல் ஆலமி' என்கிறார்கள்?

'உலகளாவியவன்' என்று பொருள். 2000 ஜனவரியில் ஃபிஃபா முதன்முறையாக பிரேசிலில் கிளப் உலகப் போட்டி நடத்தியபோது, ஆப்பிரிக்க சாம்பியனாக ரஜா போனது. கொரிந்தியன்ஸிடம் 0-2, சவுதியின் அல் நஸ்ரிடம் 3-4, ரியல் மாட்ரிடிடம் 2-3. புள்ளிப் பட்டியலில் பூஜ்யம். ஆனால் மாட்ரிட் ஆட்டத்தில் முதல் கோல் ரஜாவுடையது. 2-2 என்று நின்ற ஆட்டத்தை மாட்ரிட் கடைசி நிமிடங்களில்தான் பிடுங்கியது. தோற்ற அணிக்குப் பட்டப்பெயர் கிடைப்பது அபூர்வம். ஆடிய விதத்துக்குக் கிடைத்த பெயர் அது.

2013இல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு கிளப் உலகப் போட்டி மொராக்கோவில் நடந்தது. போட்டியை நடத்தும் நாட்டின் லீக் சாம்பியன் என்ற முறையில்தான் ரஜாவுக்கு இடம் கிடைத்தது. போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு பயிற்சியாளரே மாறினார். முகமது ஃபாகிர் போய், துனிசியாவின் ஃபௌசி பென்சார்ட்டி வந்தார். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அகாதீரில் முதல் ஆட்டம் நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டியோடு. மொஹ்சின் யாஜூர் ரஜாவுக்கு ஒரு கோல் போட, ஆக்லாந்துக்காகச் சமன் செய்தவர் ஃபிஜியின் ராய் கிருஷ்ணா. ஆமாம், பிற்பாடு இந்தியன் சூப்பர் லீக்கில் கோல் மழை பொழிந்த அதே ராய் கிருஷ்ணா. காயத்துக்கான கூடுதல் நேரத்தில் ஹாஃபிதி அடித்து 2-1 ஆக்கினார். அடுத்து மெக்சிகோவின் மான்டெர்ரே. எக்ஸ்ட்ரா டைம் வரை போய் 2-1.

அரையிறுதி மராக்கேஷில், தென் அமெரிக்க சாம்பியன் அத்லெட்டிகோ மினெய்ரோ. யாஜூர் முதல் கோல். ரொனால்டினோ ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். அந்தப் பந்தின் வளைவுக்கு எழுந்து நின்று கைதட்டினேன். பிறகு கேப்டன் முதவல்லி பெனால்டியில் ஒன்று, கடைசி நொடிகளில் மாபிதே ஒன்று, 3-1. விசில் ஊதியதும் ரஜா ஆட்டக்காரர்கள் ஓடிப்போய் ரொனால்டினோவைச் சூழ்ந்துகொண்டு, அவர் ஷூவைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். உலகப் போட்டியின் இறுதிக்குத் தகுதி பெற்றவர்கள், தாங்கள் சிறுவயதில் பார்த்து வளர்ந்த மனிதருக்கு முன்னால் மீண்டும் சிறுவர்களானார்கள்.

டிசம்பர் 21 இறுதிப் போட்டியில் கார்டியோலாவின் பயர்ன் மியூனிக் 2-0 என்று வென்றது. டான்டே, தியாகோ கோல் போட்டார்கள். தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரர் விருது யாஜூருக்குப் போனது. 2010இல் காங்கோவின் மசெம்பே அணிக்குப் பிறகு, அந்த இறுதியை எட்டிய இரண்டாவது ஆப்பிரிக்க கிளப் ரஜா.

அரங்கத்தை 'தோனோர்' என்கிறார்களே, அது எது?

ஐந்தாம் முகமது அரங்கம்தான். மாரிஃப் பகுதியில் 1955இல் திறந்தபோது அதற்குக் குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் பெயர். பிறகு பிரெஞ்சில் 'ஸ்தாத் தோனோர்' என்றானது. கௌரவ அரங்கம் என்று பொருள். மக்கள் வாயில் 'தோனோர்' மட்டும் தங்கிவிட்டது.

தெற்குப் பக்க கேலரி ரஜாவிகளுடையது. அதற்குப் பெயர் 'மகானா'. மொராக்கோவின் பேச்சு அரபியான தாரிஜாவில் கடிகாரம் என்று அர்த்தம். அந்தப் பக்கம் இருந்த பெரிய கடிகாரத்தால் வந்த பெயர். எதிரே வடக்குப் பக்கம் விதாத்தின் 'ஃப்ரிமிஜா'. ஒரே நகரத்து அணிகள் மோதும் ஆட்டத்தை டெர்பி என்பார்கள். டெர்பி நாளில் இந்த இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதுதான் ஆட்டத்தின் பாதி.

அல்ட்ராக்கள் என்பவர்கள் யார்?

ஒழுங்கமைக்கப்பட்ட ரசிகர் குழுக்கள். ரஜாவில் 'கிரீன் பாய்ஸ்' 2005இலும், 'அல்ட்ராஸ் ஈகிள்ஸ்' 2006இலும் தொடங்கின. கேலரியை மூடும் அளவுக்குப் பெரிய ஓவியத் துணிகளும் வண்ண அட்டைகளும் சேர்ந்த காட்சியை 'டிஃபோ' என்பார்கள். தைப்பதும் வரைவதும் ரகசியமாக வாரக்கணக்கில் நடக்கும். செலவு அவர்கள் பையிலிருந்து. மைதானத்தில் அது விரிந்து நிற்பது சில நிமிடம்தான்.

2019இல் விதாத்துக்கு எதிராக அவர்கள் விரித்த டிஃபோ 'அறை 101'. ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலில் வரும் சித்திரவதை அறை அது. கால்பந்து ரசிகன் என்றால் கத்துபவன் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் படத்தை நான் அனுப்பிவைப்பேன்.

அந்தப் பிரபலமான பாட்டு எது?

'ஃபீ பிலாதி தலமூனி'. என் நாட்டிலேயே எனக்கு அநீதி செய்தார்கள் என்று பொருள். அல்ட்ராஸ் ஈகிள்ஸின் பாடல் குழு 2017இல் வெளியிட்டது. வேலையில்லாத இளைஞன், அவனை மயக்கத்தில் வைத்திருக்கும் போதை, வீணாகும் திறமை, நாட்டின் செல்வம் போகும் இடம், இதையெல்லாம் தாரிஜாவில் நேரடியாகச் சொல்கிறது. ஆயிரக்கணக்கானோர் கோரஸாகப் பாடும்போது அது கால்பந்துப் பாட்டாகவே தெரியாது. காசாபிளாங்காவைத் தாண்டி, எல்லை தாண்டி, பிற அரபு நாட்டுப் போராட்டங்களிலும் ஒலித்தது. பாலஸ்தீனத்துக்கென்றும் ரஜாவிகளுக்குத் தனிப்பாட்டு உண்டு.

'தலமூனி' என்ற சொல்லும் தொல்மியின் பெயரும் ஒரே அரபி வேரில் பிறந்தவை. தற்செயல்தான். ஆனாலும் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அமைதியான மனிதரின் ஞாபகம் வருகிறது.

1949இல் கூடிப் பேச ஓர் இடம் தேடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மகானாவில் நின்று இதைப் பாடுகிறார்கள். அதனால் இதை ஒரு புதிய போக்காக நான் பார்க்கவில்லை.

வன்முறை பற்றி என்ன சொல்வீர்கள்?

மறைக்கமாட்டேன். 2016 மார்ச்சில் அல் ஹோசெய்மா அணியோடு ஆட்டம் முடிந்ததும் கேலரியில் மோதல் வெடித்து உயிர்கள் போயின. எதிரணி ரசிகர்களோடு அல்ல, ரஜாவிகளுக்குள்ளேயே. அதன் பிறகு அல்ட்ரா குழுக்களுக்குத் தடை வந்தது, ஆளில்லாத அரங்கில் ஆட்டங்கள் நடந்தன. 2023 ஏப்ரலில் எகிப்தின் அல் அஹ்லி அணியோடு நடந்த ஆட்டத்தின்போது, அரங்கத்துக்கு வெளியே நெரிசலில் ஓர் இளம்பெண் இறந்தார்.

இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதற்கு ரசிகர்கள் பொறுப்பு. இரண்டாவது, வாசலில் கூட்டத்தை எப்படி உள்ளே விடுகிறார்கள் என்பது பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'அந்தக் கூட்டமே அப்படித்தான்' என்று பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பெண் பார்க்க வந்தது ஓர் ஆட்டம்.

ஒரே ஒரு டெர்பி பார்க்கலாம் என்றால் எது?

2019 நவம்பர் 23, அரபு கிளப் கோப்பை, இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. இந்த முறை விதாத் 4-1 என்று முன்னிலை. கடைசிக் கால் மணி நேரத்தில் ரஜா மூன்று கோல் போட்டது. நான்காவது கோலை மலாங்கோ அடித்தபோது 90 நிமிடம் தாண்டிவிட்டது. 4-4. அரங்கம் ஒன்றே என்றாலும் இது விதாத்தின் சொந்த மைதான ஆட்டமாகக் கணக்கிடப்பட்டது. வெளிமைதானத்தில் அதிக கோல் போட்ட அணி என்ற கணக்கில் ரஜா அடுத்த சுற்றுக்குப் போனது. அந்தக் கோப்பையையும் கடைசியில் வாங்கினார்கள், சவுதியின் அல் இத்திஹாதோடு 4-4 ஆடி, வழக்கம்போல் பெனால்டியில்.

இன்றைய காலத்தில் யாரைச் சொல்வீர்கள்?

சுஃப்யான் ரஹீமி. அவர் அப்பா ரஜாவின் ஜெர்சி, ஷூ, பந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஊழியர். பையன் கிளப்புக்குள்ளேயே வளர்ந்தான். அப்பா மடித்து வைத்த சட்டையை மகன் போட்டுக்கொண்டு 2021 கான்ஃபெடரேஷன் கோப்பையை வென்றான். பிறகு எமிரேட்ஸுக்குப் போனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 8 கோல் போட்டு, அதிக கோல் அடித்தவராக மொராக்கோவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்.

கடைசி லீக் பட்டம்?

2023-24, பதின்மூன்றாவது. ஜெர்மனியின் யோசஃப் சின்பௌயர் பயிற்சியில் 30 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை. அப்படியும் ராணுவ அணியான ஃபார் ரபாத் விடவில்லை. கடைசி நாள் வரை துரத்தியது. இத்தனைக்கும் தோனோர் சீரமைப்புக்காக மூடியிருந்ததால் சீசனின் ஒரு பகுதியை ரஜா வேறு ஊர்களில் ஆட வேண்டியிருந்தது. அதே ஃபார் ரபாத்தை அரியணைக் கோப்பை இறுதியில் 2-1 என்று வென்று இரட்டைப் பட்டம் எடுத்தார்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் என்ன செய்யலாம்?

மினெய்ரோ ஆட்டத்தின் சுருக்கத்தை முதலில் பாருங்கள், விசில் ஊதிய பிறகு வரும் இரண்டு நிமிடத்தையும் விடாமல். அப்புறம் அந்த 4-4. மூன்றாவதாக, ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, பந்தை மறந்து மகானாவை மட்டும் கேளுங்கள்.